காலையில் எழும்போதே தாடை வலி, நாள் முழுக்க அசதி: இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

கொண்டலாம்பட்டி_கணக்கு

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 36. ஜவுளி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு வேலை, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான். தீபாவளி சீசனில் ஆரம்பித்தது இது. காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் இறுகிக் கிடக்கிறது. இட்லியை மெல்லவே அலுப்பாக இருக்கிறது. வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம்; பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் என் பெண்ணுக்கே கேட்கிறது.

காது வலி என்று நினைத்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். காதில் ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் ஒரு பல் கிளினிக்கில் வலது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தார்கள். பணம் போனது, வலி அப்படியே இருக்கிறது. இப்போது இன்னொரு இடத்தில், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாக உட்காரவில்லை, தேய்த்துச் சமப்படுத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். அசதிதான் தாங்க முடியவில்லை. பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறேன், ஆனாலும் தூங்கி எழுந்த உணர்வே இல்லை. மதியம் மூன்று மணிக்கு பில்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குகிறது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகவே இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே படுத்தால் இப்படித்தான் இருக்கும் என்கிறார் மாமியார். தாடைக்கும் இந்த அசதிக்கும் சம்பந்தம் உண்டா? பல்லைத் தேய்க்க ஒத்துக்கொள்ளலாமா?

தட்டுவடை_ரசிகன்

அக்கா, முதலில் தட்டுவடை செட்டை நிறுத்துங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அஞ்சு ரோட்டில் ஒரு செட்டை முழுசாக வாயில் திணித்து ஒரே கடியாகக் கடித்தேன், தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க ரசம் சாதம்தான். கடைசியில் குகைப் பக்கம் சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவர் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார், சரியாகிவிட்டது. வேண்டுமென்றால் அவர் நம்பர் தருகிறேன்.

நெறியாளர்

யாருடைய போன் நம்பரும் பொது இழையில் வேண்டாம். மருத்துவர், வைத்தியர் எல்லோருக்கும் இதே விதி.

அழகாபுரம்_பல்டாக்டர்

கொண்டலாம்பட்டி மேடம், பல்லைத் தேய்க்க இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு காதுக்கும் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலடியில் நகர்வதுதான் தாடை மூட்டு, டி.எம்.ஜே. என்று நாங்கள் சொல்வது. வாய் திறக்கும்போது கீழ்த்தாடையின் குமிழ் முதலில் இருந்த இடத்திலேயே சுழலும், பிறகு முன்னோக்கி வழுக்கிப் போகும். குமிழுக்கும் மண்டை எலும்புக்கும் நடுவில் நாரால் ஆன ஒரு சின்ன வட்டு இருக்கிறது. அது முன்னால் நழுவிக் கிடந்து, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பினால் அந்த 'டக்' கேட்கும். வலியில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் வைத்தியமே தேவையில்லை. ஊரில் நிறையப் பேருக்கு இது உண்டு, தெரியாமலே இருக்கிறார்கள். நழுவிய வட்டு திரும்பாமல் வழியை அடைத்துக்கொண்டால்தான் வாய் பாதியில் நின்றுவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூட்டைவிடத் தசைதான் அதிகம் பேசுகிறது. கன்னத்தில் இருக்கும் மாசெட்டர், நெற்றிப்பொட்டில் விரிந்திருக்கும் டெம்போராலிஸ் இரண்டும் தாடையை மூடும் தசைகள். இவை வலித்தால் வலி தன் இடத்தில் மட்டும் நிற்காது. மாசெட்டரின் வலி கடைவாய்ப் பல்லிலும் காதிலும் தெரியும். டெம்போராலிஸின் வலி தலைவலியாகத் தெரியும். பல்லைத் தட்டினாலும் குளிர்ந்த நீர் பட்டாலும் ஒன்றும் ஆகாமல், கன்னத் தசையை அழுத்தினால் நீங்கள் சொல்லும் அதே வலி வருகிறது என்றால் குற்றம் பல்லின் மேல் இல்லை. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பார்க்காமல் எத்தனை நல்ல பற்கள் போயிருக்கின்றன என்பதை நினைத்தால் எங்கள் தொழில்மேல் எனக்கே கோபம் வரும்.

பல் உட்காரும் விதம்தான் காரணம் என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை பின்னால் அழுந்துவதால்தான் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் பல்லைத் தேய்த்தால் மூட்டு சரியாகும் என்ற பழக்கம் மட்டும் பல தலைமுறை ஓடிவிட்டது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது. திரும்பப் பெற முடியாத எதையும் இந்த நோயில் முதலில் செய்யக்கூடாது.

இனி அசதி. சம்பந்தம் உண்டு, ஆனால் ஒரு திசையில் மட்டும் இல்லை. வலி தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கம் வலியைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அமெரிக்காவில் ஒப்பேரா என்ற பெரிய ஆய்வில், தாடை வலியே இல்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிற்பாடு தாடை வலி வந்தவர்களில், வலி வருவதற்கு முன்பே தூக்கத்தின் தரம் படிப்படியாக இறங்கியிருந்தது தெரிந்தது. அதாவது முதலில் தூக்கம், பிறகு தாடை. அதனால் உங்களிடம் ஒரு கேள்வி: குறட்டை உண்டா? இரவில் எழுந்து பாத்ரூம் போவீர்களா? காலையில் தலைவலி, வாய் வறட்சி?

கொண்டலாம்பட்டி_கணக்கு

நன்றி டாக்டர். கன்னத்தை அழுத்திப் பார்த்தேன், அதே வலிதான், பல்லில் வலிப்பது போலவே இருந்தது! ரூட் கெனாலுக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

குறட்டை பெரிதாக இல்லை என்கிறார் கணவர். ஆனால் 'நறநற' என்று பல்லைக் கடிக்கிறேனாம். இரவில் ஒன்றிரண்டு முறை எழுவேன். காலையில் வாய் வறண்டிருக்கும், தலை கனமாக இருக்கும், காபி குடித்த பிறகு குறையும். பல் கடிப்பதற்கு நைட் கார்டு, அதாவது இரவில் பல்லின்மேல் மாட்டும் உறை, போட்டால் தூக்கமும் சரியாகிவிடும் அல்லவா? ஆன்லைனில் வெந்நீரில் போட்டு நாமே செய்துகொள்ளும் கார்டு விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

மூணு_ஷிஃப்ட்

இந்த இடத்தில் நான் நுழைய வேண்டும். என் கதை இதேதான், ஆனால் ஆண், வயது 47, எடையும் ஜாஸ்தி.

ஆலையில் ஷிஃப்ட் வேலை. அசதி என்றால் நைட் ஷிஃப்ட் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். பல் கடித்துக் கடித்து முன்பல் ஓரம் உடைந்தது. கார்டு போட்டார்கள், அதையே கடித்து ஓட்டை போட்டுவிட்டேன். கன்ன வலி, மதியத் தூக்கம் எதுவும் குறையவில்லை. பைக்கில் சூரமங்கலம் சிக்னலில் நிற்கும்போதே கண் மூடியிருக்கிறது, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன்.

அப்புறம் வேறொரு பல் டாக்டர் என் தொண்டையையும் நாக்கின் ஓரத்தையும் பார்த்துவிட்டு, சட்டைக் காலர் அளவு என்ன, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பல்லுக்கு வந்தவனிடம் காலர் அளவு எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் இரவுச் சோதனையில் மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சடைப்பு, அதுவும் கடுமையான வகை. தடித்த கழுத்தும் பிரஷரும் அதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால்தான் காலர் அளவைக் கேட்டிருக்கிறார். இப்போது காற்றழுத்த மெஷின் மாட்டிப் படுக்கிறேன். பகல் தூக்கம் போய்விட்டது, பல் கடிப்பதும் வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறாள் வீட்டுக்காரி. தாடையைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் என் மூச்சை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைவீதி_சந்தேகம்

எல்லாவற்றுக்கும் ஒரு டெஸ்ட், ஒரு மெஷின். மேடம் குறட்டையே விடுவதில்லை என்கிறார், அவருக்கு எதற்கு இரவுச் சோதனை? பல்லைக் கடிப்பது டென்ஷன். எங்கள் பாட்டி பல் கடிக்கிற பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

அழகாபுரம்_பல்டாக்டர்

கடைவீதி சார், செலவைப் பற்றிய உங்கள் கோபம் நியாயம்தான். பூச்சி மருந்தை மட்டும் விட்டுவிடுவோம்.

தூக்கத்தில் பல் கடிப்பதைச் சோதனைக்கூடத்தில் பதிவு செய்து பார்த்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் மூளை சில வினாடிகள் லேசாக விழிக்கும், அது நமக்கு நினைவிருக்காது. இதயத் துடிப்பு ஏறும். அதற்குப் பிறகுதான் தாடைத் தசை இறுகும். ஆக, பெரும்பாலும் பல் கடிப்பது தூக்கத்தைக் கலைப்பதில்லை. கலைகிற தூக்கத்தின் கூடவே பல் கடிப்பு வருகிறது. கலைப்பது எது என்பதுதான் கேள்வி. மூச்சடைப்பாக இருக்கலாம், மாலைக்கு மேல் குடிக்கும் காபியாக இருக்கலாம், மது, புகையிலை, கவலை, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாகவும் இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். பல் கடிக்கும் எல்லோருக்கும் மூச்சடைப்பு இருப்பதும் இல்லை. கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது என்கிறேன், அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. 2012, 2013இல் வெளிவந்த ஒரு நியூயார்க் ஆய்வில், தாடைத் தசை வலி உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் சோதனைக்கூடத்தில் தூங்க வைத்து ஒப்பிட்டார்கள். இரவில் பல் கடிப்பது இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேறுபாடு எங்கே இருந்தது என்றால், கடிக்காத நேரத்திலும் வலி உள்ளவர்களின் தசை முழுதாகத் தளரவில்லை. 'நறநற'வென்று கடிக்கும் அந்தச் சில நிமிடங்களைவிட, இரவு முழுக்க ஓயாமல் நிற்கும் அந்த லேசான இறுக்கம்தான் விஷயம் போலிருக்கிறது.

நைட் கார்டு பல் தேயாமல் காக்கும், சிலருக்கு வலியும் குறையும். தூக்கத்தை அது சரிசெய்யாது. ஆன்லைன் கார்டு வேண்டாம். மெத்தென்று இருந்தால் சிலர் இன்னும் அழுத்திக் கடிப்பார்கள், அளவு சரியில்லை என்றால் பல்லே நகரும். மூச்சடைப்பு உள்ள சிலருக்கு மேல்தாடையில் மாட்டும் தட்டு அதை அதிகமாக்கியது என்று கனடாவில் ஒரு சிறிய ஆய்வும் சொன்னது. அதனால் நான் தட்டுக்கு அளவெடுக்கும் முன் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன்.

குறட்டை இல்லையே என்பதற்கு: பெண்களுக்கு மூச்சடைப்பு பல நேரம் ஊர் கேட்கும் குறட்டையாக வருவதில்லை. அசதி, காலைத் தலைவலி, நடு இரவில் விழிப்பு என்றுதான் வரும். ரத்தம் குறைவு, தைராய்டு, மனக்கவலை என்று ஒவ்வொன்றாகத் தேடி வருடங்கள் ஓடிவிடும். மேடம் சொன்ன அடையாளங்களுக்கு ஒரு முறை பார்ப்பது வீண் இல்லை. கணவரிடம் ஒரு இரவு போனில் ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள், செலவே இல்லை. ஃபெரிட்டின் பார்த்தீர்களா? ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதுவும் அசதி தரும்.

லீபஜார்_மிளகு

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் வேலை, வாரத்துக்கு நாலு தடவை மலை இறங்கி ஏறுவேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் காது அடைப்பது எல்லோருக்கும் உண்டு, எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். எனக்கு மேலே வந்த பிறகும் வலது காது அடைத்தே இருக்கிறது, கூடவே ஒரு இரைச்சல். காது டாக்டர் செவிப்பறை நன்றாக இருக்கிறது என்கிறார். இதுவும் தாடைதானா? கொட்டாவி விடும்போது வலிக்கிறது.

அழகாபுரம்_பல்டாக்டர்

மலை ஏற்றத்தில் அடைப்பது காற்றழுத்த வேறுபாடு. மூக்குக்குப் பின்னால் உள்ள குழாய் திறந்ததும் சரியாகும். சமதரையிலும் அடைப்பு நிற்கிறது, செவிப்பறை சரி, மெல்லும்போதோ கொட்டாவியிலோ வலி கூடுகிறது என்றால் தாடையைச் சந்தேகிக்கலாம். ஆனால் கேட்கும் திறன் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஒரே காதில் இரைச்சலும் கேட்புக் குறைவும் இருந்தால் அதைத் தாடைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

தாரமங்கலம்_அப்பா

டாக்டர், என் கேள்வி வேறு மாதிரி. மகனுக்கு ஏழு வயது. நாலு வயதில் மாடிப்படியில் முகவாய் அடிபட விழுந்தான். முகவாயில் தையல் போட்டு அனுப்பினார்கள், தாடையை யாரும் படம் எடுக்கவில்லை. இப்போது வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. கீழ்த்தாடை சின்னதாக, பின்னால் தள்ளியிருப்பது போலத் தெரிகிறது. தூக்கத்தில் குறட்டை, திடீர் திடீரென்று திணறி எழுகிறான். பள்ளியில் தூங்குகிறான் என்று டீச்சர் சொல்கிறார். வளர வளரச் சரியாகும் என்கிறார்கள் வீட்டில்.

அழகாபுரம்_பல்டாக்டர்

ஐயா, இது வளர வளரச் சரியாவதில்லை, நாள் போகப் போகக் கூடும். தயவுசெய்து இந்த வாரமே காட்டுங்கள்.

குழந்தை முகவாயில் விழும்போது அடியின் வேகம் நேராக இரண்டு பக்க மூட்டுக்கும் போகிறது. மூட்டுக் குமிழ் உடைந்து, உள்ளே ரத்தம் கட்டி, நாளடைவில் தாடை எலும்பு மண்டை எலும்போடு ஒட்டிக்கொள்ளலாம். அன்கைலோசிஸ் என்பார்கள். நம் நாட்டில் இப்படி வரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. தாடை அசையாததோடு வளரவும் செய்யாது. கீழ்த்தாடை சிறுத்தால் நாக்கு பின்னால் போய் மூச்சு வழியை அடைக்கும். நீங்கள் சொல்லும் திணறல் அதுவாக இருக்கலாம். வாய் திறக்காத பிள்ளைக்கு மயக்க மருந்து தருவதே சிக்கலான வேலை, ஆகவே பழகிய குழு தேவை. மூச்சு வழி மிகவும் குறுகியிருந்தால் சிலருக்கு முதலில் தாடை எலும்பைச் சிறிது சிறிதாக நீட்டி மூச்சைச் சரிசெய்துவிட்டு, பிறகு மூட்டை விடுவிப்பார்கள். அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும். அதை விட்டால் திரும்ப ஒட்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தொடங்கலாம். அரியானூர்ப் பக்கம் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் முகத்தாடை அறுவைப் பிரிவு இருக்கிறது. பையன் மூச்சுத் திணறுவதை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பல் பிரச்சனை என்று சொல்லாமல், தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

தாரமங்கலம்_அப்பா

நாளைக் காலையே கிளம்புகிறோம். நன்றி டாக்டர்.

பாக்கு_வேணாம்

எனக்கும் வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது. மூட்டில் வலி இல்லை, சத்தமும் இல்லை. காரம் சாப்பிட்டால் வாய் முழுக்க எரிகிறது. லாரி ஓட்டுகிறேன், தூக்கம் வராமலிருக்கப் பாக்கு போடுவேன்.

அழகாபுரம்_பல்டாக்டர்

தம்பி, அது மூட்டு இல்லை. பாக்கால் கன்னத்தின் உட்தோல் நாராக இறுகும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதிலிருந்து புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. பாக்கை இன்றே விடுங்கள், வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

பொதுவாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மெல்லும்போது தாடை வலி, கூடவே நெற்றிப்பொட்டு வலி, பார்வை மங்கல் என்றால் அன்றே மருத்துவமனை. ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் கண் போகும். நடந்தால் வந்து நின்றால் குறையும் தாடை வலி இதயமாக இருக்கலாம்.

தசைப்பயிற்சி_ஹஸ்தம்பட்டி

பிசியோதெரபிஸ்ட். தட்டுவடைத் தம்பிக்கு முதலில் பதில்: தாடை முழுதாக இடம் விட்டு விலகி வாய் மூடாமல் போனால், பெருவிரலைக் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னே தள்ளி உட்கார வைப்பது உண்டு, அது ஹிப்பாக்ரட்டீஸ் காலத்து முறை. ஆனால் வலிக்கும் தாடையை வேகமாக ஒரு பக்கம் திருப்புவது வேறு. உங்களுக்குத் தானாகவே சரியாகியிருக்கும் நேரத்தில் பெரியவர் திருப்பியிருக்கலாம். வட்டு நழுவிக் கிடப்பவருக்கு அதைச் செய்தால் கெட்டுப் போகும்.

2023இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்கு முன்னால் வைத்தது மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் தளர்த்துவது, மனநலப் பயிற்சி போன்றவற்றை. மாட்டிக் கழற்றும் தட்டுக்குக்கூட அவ்வளவு ஆதரவு தரவில்லை. பல் டாக்டர்கள் பலருக்கு அதில் உடன்பாடு இல்லை என்பதும் தெரியும்.

கணக்கு அக்காவுக்கு: பில் பார்க்கும்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். அநேகமாக இருக்கும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே தேவையில்லை. உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி மேல் அண்ணத்தில் லேசாக. மானிட்டர் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள், பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். இரவு படுக்கும் முன் கன்னத்தில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், நாக்கை அண்ணத்தில் வைத்தபடி மெதுவாக வாய் திறந்து மூடும் பயிற்சி. குப்புறப் படுக்காதீர்கள். கொஞ்ச நாளைக்கு முறுக்கு, தட்டுவடை, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கடியில் கை கொடுங்கள்.

தட்டுவடை_ரசிகன்

தட்டுவடை இல்லாமல் சேலத்தில் எதற்கு இருப்பது? சரி, இனிமேல் நொறுக்கிக் கலந்து தரச் சொல்லி ஸ்பூனில் சாப்பிடுகிறேன்.

கொண்டலாம்பட்டி_கணக்கு

எல்லோருக்கும் நன்றி. சிவப்புப் புள்ளி வேலை செய்கிறது. நான் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது. கன்ன வலி கொஞ்சம் தேவலை. அசதி அப்படியே இருக்கிறது. ஃபெரிட்டின் குறைவாக வந்தது, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். கணவர் எடுத்த ஒலிப்பதிவில் குறட்டை இல்லை, ஆனால் நடுநடுவே நீண்ட அமைதி, அப்புறம் ஒரு பெருமூச்சு, உடனே 'நறநற'. அதைக் கேட்ட நுரையீரல் டாக்டர் இரவுச் சோதனைக்கு வரச் சொல்லிவிட்டார். பல் தேய்க்கும் கிளினிக்குக்கு வரவில்லை என்று சொல்லியாகிவிட்டது. சோதனை சனிக்கிழமை இரவு. என்ன எடுத்துப் போக வேண்டும்?

மூணு_ஷிஃப்ட்

உங்கள் தலையணையையே கொண்டு போங்கள் மேடம், அங்கே தருவது உயரம். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், பகலில் தூங்க வேண்டாம். தாடைத் தசைக்கும் ஒயர் ஒட்டச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சின்ன மெஷினில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது.

அழகாபுரம்_பல்டாக்டர்

தாடை ஒயர் பற்றி அவர் சொன்னது சரி. இன்னொன்று, தலையில் எண்ணெய் வேண்டாம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இருந்தால் இந்த வாரம் விட்டுவிட்டு, சனிக்கிழமை காலை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டுப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒயர் உச்சந்தலையில் ஒட்டாது, பாதி ராத்திரியில் எழுப்பித் திரும்ப ஒட்டுவார்கள்.